இத்தாலிப் பயணம்: போவதற்கு முன் எதைப் படிப்பது, வந்த பின் எதைப் படிப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிக்கு டிக்கெட் எடுத்தவர்களும் போய்த் திரும்பியவர்களும் புத்தகங்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறோம். இங்கே சொல்லும் புத்தகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் கிடைப்பவை. தமிழில் உள்ளவற்றுக்கு நேராக 13-ஆம் கேள்விக்குப் போகலாம்.

1. டிக்கெட் போட்டாச்சு, ரெண்டு மாசம் இருக்கு. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

உங்கள் பயணத் திட்டத்தில் இருக்கும் ஊர்களிலிருந்து ஆரம்பியுங்கள். இத்தாலி ஒரே நாடாக ஆனது 1861-இல். ரோம் நகரம் 1870-இல்தான் அதில் சேர்ந்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் வெனிஸ், ஃப்ளாரன்ஸ், நேப்பிள்ஸ் எல்லாம் தனித்தனி அரசுகள். 'இத்தாலி முழுசுக்கும் ஒரு புத்தகம்' என்று தேடினால், எந்த ஊரிலும் பாதிதான் கைகொடுக்கும். ஊருக்கு ஒன்று என்று எடுத்தால் ஒவ்வொரு பக்கமும் நேரில் பார்க்கும்போது பயன்படும்.

ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்ற வழக்கமான எட்டு நாள் திட்டத்துக்கு மூன்று புத்தகம் போதும். முதல் நான்கு வாரம் ரோம் வரலாறு ஒன்று (4-ஆம் கேள்வி). அடுத்த இரண்டு வாரம் ஃப்ளாரன்ஸுக்கு ஒன்று (2-ஆம் கேள்வி). ஏழாவது வாரம் வெனிஸ் (9-ஆம் கேள்வி). கடைசி வாரத்தைக் காலியாக வையுங்கள். விசா, பெட்டி, அலுவலக வேலை என்று அந்த வாரம் எப்படியும் போய்விடும்.

2. நான் பெரிய வாசகன் இல்ல. ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன்னா எது?

ராஸ் கிங் எழுதிய 'புருனெல்லெஸ்கிஸ் டோம்' (2000). சின்னப் புத்தகம், நாவல் மாதிரி ஓடும். ஃப்ளாரன்ஸ் பேராலயத்துக்குச் சுவர் எழும்பிவிட்டது. மேலே 40 மீட்டருக்கு மேல் அகலமான ஒரு திறப்பு. அதை எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. 1418-இல் போட்டி அறிவிக்கிறார்கள். கீழேயிருந்து மரச்சாரம் எழுப்பித் தாங்காமலே கட்டுகிறேன் என்று பொற்கொல்லராகப் பயிற்சி பெற்ற புருனெல்லெஸ்கி முன்வருகிறார். 1420-இல் வேலை தொடங்கி 1436-இல் கூரை மூடியது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ஓடுகள். சுமார் 40 லட்சம் செங்கற்கள். ஈரக் காரையில் செங்கல் வழுக்கி விழாமல் இருக்கப் படுக்கை வரிசைக்கு இடையிடையே செங்குத்தாகச் செருகி மீன்முள் வடிவில் அடுக்கியிருக்கிறார்கள்.

படித்துவிட்டுப் போனால் என்ன லாபம் என்றால், 463 படி ஏறும்போது நீங்கள் நடப்பதே அந்த இரண்டு ஓடுகளுக்கு நடுவில்தான். மீன்முள் அடுக்கைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். தெரியாதவர்களுக்கு அது மூச்சு வாங்கும் இருட்டுப் படிக்கட்டு, அவ்வளவுதான். ஏறுவதற்கு நேரம் குறித்த முன்பதிவு வேண்டும். போன பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. கப்பி, கருவிகள் எல்லாம் பேராலயத்துக்குப் பின்னால் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஞானஸ்நான மண்டபக் கதவுக்கான 1401 போட்டிக்கு இவரும் எதிராளி கிபெர்ட்டியும் வார்த்த மாதிரித் தகடுகள் இரண்டும் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நடுவர்கள் செய்தது சரியா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்.

3. எதை முன்னாடி படிக்கணும், எதை வந்த பிறகு படிக்கணும்? ஏதாவது கணக்கு இருக்கா?

கண்ணுக்கு வேலை சொல்லும் புத்தகம் முன்னால்: கட்டடம், ஓவியம், பழைய ரோம், பாம்பெய். மனிதர்களைப் பற்றிய பெரிய நாவல்கள் பின்னால். தெருவின் சத்தமும் வெயிலும் வீட்டு முற்றமும் ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்திருந்தால், நாவலாசிரியர் அரைவரியில் சொல்லிவிட்டுப் போவதும் முழுதாகப் புரியும். ஃபெர்ரான்டேயின் நேப்பிள்ஸ் நாவல்கள் (10-ஆம் கேள்வி), 'தி லெப்பர்ட்' (11-ஆம் கேள்வி) இரண்டையும் வந்த பின் படித்தவர்களுக்குத்தான் அதிகம் பிடித்திருக்கிறது.

விதிவிலக்கு ஒன்று: கார்லோ லெவியின் 'க்ரைஸ்ட் ஸ்டாப்டு அட் எபோலி' (1945). குகை வீடுகள் உள்ள மட்டேராவுக்குப் போகிறவர்கள் அதை முன்பே படித்துவிட வேண்டும். ஏன் என்பது 12-ஆம் கேள்வியில்.

4. 'எஸ்.பி.க்யூ.ஆர்' வாங்கினேன், தலையணை மாதிரி இருக்கு. முழுசா படிச்சே ஆகணுமா?

வேண்டாம். மேரி பியர்ட் எழுதிய இந்த ரோம் வரலாறு (2015), கி.மு. 63-இல் அரசியல்வாதிகளான சிசரோவுக்கும் காட்டிலினாவுக்கும் நடந்த மோதலில் தொடங்கி, கி.பி. 212-இல் பேரரசின் சுதந்திர மக்கள் எல்லோருக்கும் குடியுரிமை கிடைத்ததோடு முடிகிறது. பலர் இரண்டாவது, மூன்றாவது அத்தியாயங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். ரோமுலஸ், ஆதி மன்னர்கள் என்று ஆதாரம் குறைந்த காலம் அது. எது கதை, எது வரலாறு என்ற விசாரணையே நீளமாக ஓடும். முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, சீசர் வரும் இடத்துக்குத் தாவுங்கள். 11-ஆம் அத்தியாயத்தை விட்டுவிடாதீர்கள். பணக்காரனும் ஏழையும் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அதில். மாடி ஏற ஏற வாடகை குறையும் அடுக்குக் குடியிருப்புகளைப் பற்றிப் படித்தபின், கேபிடோலின் குன்றடியில் அராசேலி படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அப்படியொரு கட்டடத்தின் மிச்சத்தைத் தாண்டி நடக்க மாட்டீர்கள்.

வரலாறே ஓடவில்லை என்றால் ராபர்ட் ஹாரிஸின் மூன்று நாவல்கள்: 'இம்பீரியம்' (2006), 'லஸ்ட்ரம்' (2009), 'டிக்டேட்டர்' (2015). சிசரோவின் செயலாளர் டிரோ சொல்வதாக வரும். முதல் நாவல் ஒன்றே பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தின் இடிபாடுகளுக்குள் ஆட்களை நடமாட விடப் போதும். ராபர்ட் கிரேவ்ஸின் 'ஐ, கிளாடியஸ்' (1934) இதைவிட நல்ல இலக்கியம், ஆனால் பெயர்கள் குழப்பும். குடும்ப மரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

5. டான் பிரவுன் படிச்சுட்டு அதே ரூட்ல ரோமைச் சுத்தலாமா?

சுற்றலாம். 'ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்' (2000) காட்டும் சாந்தா மரியா தெல் போபோலோ, செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கம், சாந்தா மரியா தெல்லா வித்தோரியா, நவோனா சதுக்க நீரூற்று எல்லாமே பார்க்க வேண்டியவைதான். வரலாற்றை மட்டும் அதில் கற்காதீர்கள். பெர்னினியின் புனித தெரேசா சிலை வேறெங்கோ இருந்து ஒதுக்கி அனுப்பப்பட்டதல்ல. அந்தக் கோர்னாரோ சிற்றாலயத்துக்காகவே செய்யப்பட்டது. ரஃபேலும் 1520-இல் இறந்தபோதே பாந்தியனில் அடக்கம் செய்யப்பட்டவர்.

'இன்ஃபர்னோ' (2013) ஃப்ளாரன்ஸுக்கு. வெக்கியோ அரண்மனையின் ஐந்நூற்றுவர் மண்டபத்தில், வசாரியின் போர் ஓவியத்தில் ஒரு சின்னப் பச்சைக் கொடியில் 'செர்கா த்ரோவா' (தேடினால் கிடைக்கும்) என்று எழுதியிருப்பது உண்மை. மிக உயரத்தில் இருக்கிறது, வெறுங்கண்ணுக்குச் சிக்காது. கைபேசி கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கதை பிற்பாதியில் வெனிஸுக்கும் இஸ்தான்புல்லுக்கும் போய்விடும்.

6. பாம்பெய் போறோம். கற்குவியலைப் பார்த்து என்ன புரியும்?

படிக்காமல் போனால் வெயிலும் கல்லும்தான். முதலில் இளைய ப்ளினியின் இரண்டு கடிதங்கள்: ஆறாம் தொகுதியில் 16-ஆவதும் 20-ஆவதும். வெசுவியஸ் எரிமலை வெடித்து பாம்பெய் புதைந்தபோது 17 வயதுப் பையனாகத் தூரத்திலிருந்து பார்த்ததை, பிற்பாடு வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதியவை. இணையத்தில் இலவசம், அரை மணி நேரம் ஆகாது. மேகம் குடைப் பைன் மரம் போல எழுந்தது என்கிறார். அந்தப் பைன் மரங்கள் ரோமிலும் நேப்பிள்ஸிலும் சாலையோரமெங்கும் நிற்கின்றன.

அடுத்து மேரி பியர்டின் 'பாம்பெய்' (2008). தெரு நடுவில் உயரமான கற்கள் ஏன், அவற்றுக்கிடையே வண்டிச் சக்கரத் தடம் எப்படி விழுந்தது, எந்தத் தெரு ஒருவழிப் பாதை என்று கண்ணில் படுவதை வைத்தே பேசுகிறார். வழிகாட்டிகள் அளந்துவிடும் கதைகளையும் சந்தேகப்படக் கற்றுத்தருவார்.

நாவல் வேண்டுமென்றால் ராபர்ட் ஹாரிஸின் 'பாம்பெய்' (2003). வாய்க்கால் பொறியாளர் ஒருவர் தண்ணீர் ஏன் நின்றது என்று தேடிப் போகும் கதை. ஆகஸ்ட் 24 என்ற வழக்கமான தேதியை வைத்து எழுதியது. 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் 17-ஐக் குறிக்கும் கரிக்கோட்டு எழுத்து கிடைத்தபின், வெடிப்பு அக்டோபரில்தான் நடந்திருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். அதனால் அங்கே வேறு தேதி சொன்னால் குழம்ப வேண்டாம்.

7. ஓவியம் பத்தி ஒண்ணும் தெரியாது. மியூசியத்துல எல்லாமே மேரி மாதா படமா தெரியுமே?

தெரியும். அதற்கு மருந்து கலை வரலாற்றுப் பாடநூல் இல்லை. ஓர் ஓவியரை மட்டும் ஆழமாகத் தெரிந்துகொள்வது. மைக்கேலாஞ்சலோவுக்கு, 2-ஆம் கேள்வியில் சொன்ன ராஸ் கிங்கின் இன்னொரு புத்தகம்: 'மைக்கேலாஞ்சலோ அண்ட் த போப்ஸ் சீலிங்' (2002). சிஸ்டைன் கூரை 1508 முதல் 1512 வரை வரையப்பட்டது. ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். ஆகவே அன்றன்றைக்கு வேண்டிய அளவுதான் பூசுவார்கள். முதலில் வரைந்த பிரளயக் காட்சியில் பூச்சில் தண்ணீர் அதிகமாகிப் பூஞ்சை பிடித்தது. அந்தக் காட்சியில் ஏகப்பட்ட சின்ன உருவங்கள். பின்னால் வரைந்த ஆதாம் படைப்பில் உருவம் குறைவு, அளவு பெரிது. கீழேயிருந்து எப்படித் தெரியும் என்பதை அவர் வேலையோடு வேலையாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். மல்லாந்து படுத்து வரைந்தார் என்பது தவறு, நின்றபடி அண்ணாந்துதான். இர்விங் ஸ்டோனின் 'தி அகனி அண்ட் தி எக்ஸ்டஸி' (1961) நல்ல வாசிப்பு. நாவல் என்ற நினைப்போடு படியுங்கள்.

காரவாஜ்ஜோ பிடித்துவிட்டால் ஆண்ட்ரூ கிரஹாம்-டிக்சனின் வாழ்க்கை வரலாறு (2010). கொலை, தலைமறைவு எல்லாம் உண்டு. ரோமில் சான் லூயிஜி தெய் ஃப்ரான்சேசி, சான்ட் அகோஸ்தினோ, சாந்தா மரியா தெல் போபோலோ மூன்று ஆலயங்களிலும் அவர் படங்களைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். விளக்கு எரியப் பெட்டியில் நாணயம் போட வேண்டியிருக்கும், சில்லறை வைத்திருங்கள். மதியம் ஆலயங்களைச் சாத்திவிடுவதுண்டு.

வசாரியின் 'ஓவியர் வாழ்க்கைகள்' (1550, விரிவாக்கியது 1568) மூலநூல். ஜொத்தோ, புருனெல்லெஸ்கி, லியோனார்டோ, ரஃபேல், மைக்கேலாஞ்சலோ ஐவரை மட்டும் படித்தால் போதும். ஃப்ளாரன்ஸ்காரர்களுக்கு ஒரு கை தாராளமாகவே மார்க் போடுவார். காஸ்தாஞோ என்ற ஓவியர் பொறாமையில் டொமெனிகோ வெனெசியானோவைக் கொன்றார் என்று எழுதியிருக்கிறார். கொன்றதாகச் சொல்லப்பட்டவர் 1457-லேயே இறந்துவிட்டார். கொல்லப்பட்டவரோ 1461 வரை உயிரோடு இருந்தார்!

8. தாந்தே படிக்காம ஃப்ளாரன்ஸ் போனா தப்பா?

தப்பில்லை. தாந்தேயின் காவியமான 'டிவைன் காமெடி' 100 காண்டங்கள் கொண்டது. நரகப் பகுதி 34. அதில் ஐந்தை மட்டும் படியுங்கள்: 1, 3, 5, 26, 33. பைசா போகிறவர்களுக்கு 33 கட்டாயம். உகோலினோவின் பட்டினிக் கதை அந்த ஊருடையது. மார்க் மூசாவின் பெங்குவின் மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு காண்டத்துக்கும் முன்னால் கதைச் சுருக்கமும் பின்னால் குறிப்புகளும் இருக்கும். குறிப்பில்லாத பதிப்பை வாங்கினால், யார் இந்த ஆள் என்று ஒவ்வொரு பக்கத்திலும் தடுக்கும்.

ரோமில் சான்ட் ஏஞ்செலோ பாலத்தைக் கடக்கும் முன் 18-ஆம் காண்டத்தின் தொடக்கத்தையும் பார்த்துவிடுங்கள். 1300-ஆம் ஆண்டு யூபிலிக்கு (புனித ஆண்டு) வந்த யாத்திரிகர் கூட்டத்தைச் சமாளிக்க, போகிறவர்கள் ஒரு பக்கம், வருகிறவர்கள் மறுபக்கம் என்று பாலத்தைப் பிரித்திருந்ததை உவமையாக வைத்திருக்கிறார். படுவாவில் ஸ்க்ரோவெஞி சிற்றாலயத்தைக் கட்டியவரின் தந்தை, வட்டிக்காரராக 17-ஆம் காண்டத்தில் நரகத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சிற்றாலயத்துக்கு முன்பதிவு கட்டாயம். காத்திருப்பு அறையில் கால் மணி இருந்த பிறகே உள்ளே விடுவார்கள்.

ஃப்ளாரன்ஸின் சாந்தா க்ரோச்சே ஆலயத்தில் உள்ள தாந்தே கல்லறை வெறும் நினைவுச்சின்னம். உடல் ராவென்னாவில், 1321-இல் அங்கேதான் இறந்தார்.

9. வெனிஸுக்கு எது? மூணு நாள்தான்.

ஜேன் மாரிஸின் 'வெனிஸ்' (1960). முழுதும் முடியாவிட்டால் முதல் பகுதி, அதாவது மக்களைப் பற்றியது. நகரம் இன்று அப்படியே இல்லை: உள்ளூர்வாசிகள் பெருமளவு வெளியேறிவிட்டார்கள். வெள்ள வர்ணனைகளையும் பழையதாகவே படிக்க வேண்டும். 2019 நவம்பர் 12 இரவு 187 செ.மீ. வரை ஏறிய நீருக்குப் பிறகு, 2020 அக்டோபரிலிருந்து மோசே தடுப்பணைகள் பெரிய வெள்ளங்களைத் தடுத்துவருகின்றன.

லேசாக வேண்டுமென்றால் டோனா லியோனின் துப்பறியும் நாவல்கள். முதலாவது 'டெத் அட் லா ஃபெனிச்சே' (1992). காவல் அதிகாரி புருனெட்டி எந்தப் பாலம் ஏறி எந்தச் சந்தில் இறங்குகிறார் என்பதுவரை துல்லியம். தன் நாவல்கள் இத்தாலியில் மொழிபெயர்க்கப்படக் கூடாது என்று ஆசிரியரே சொல்லிவிட்டார். அதனால் உள்ளூர்க்காரரிடம் புருனெட்டி பற்றிப் பேச்சுக் கொடுத்தால் அவர் விழித்தால் ஆச்சரியப்படாதீர்கள். கால்வினோவின் 'இன்விசிபிள் சிட்டிஸ்' (1972), மார்க்கோ போலோ குப்ளாய் கானிடம் 55 நகரங்களை வர்ணிப்பது, வந்த பிறகு படிக்க. ஒரு நாளைக்கு மூன்று நகரத்துக்கு மேல் போகாதீர்கள்.

10. ஃபெர்ரான்டே நாவல்களை ஆரம்பிச்சு ரெண்டு தடவை விட்டுட்டேன். பேர் எல்லாம் குழம்புது.

எல்லாருக்கும் குழம்பும். முதல் நாவலான 'மை பிரில்லியன்ட் ஃப்ரெண்ட்' தொடக்கத்தில் குடும்பவாரியாகப் பாத்திரப் பட்டியல் இருக்கிறது. மின்னூலில் படித்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரஃபேல்லா என்பவளை ஊரே லீனா என்று கூப்பிடும். கதைசொல்லி எலெனா மட்டும் லீலா என்பாள். எலெனாவே லெனுச்சா, லெனூ என்று வருவாள். இது பிடிபட்டால் பாதி சிக்கல் தீர்ந்தது. நான்கு தொகுதிகளும் சேர்ந்து ஒரே கதை. முதல் தொகுதி முடிச்சைப் போட்ட இடத்திலேயே நின்றுவிடும். இரண்டாவதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

நாவலில் பேட்டைக்குப் பெயர் கிடையாது. நேப்பிள்ஸ் மத்திய ரயில் நிலையத்துக்குக் கிழக்கே உள்ள ரியோனே லுசாட்டி என்றுதான் வாசகர்கள் அடையாளம் காண்கிறார்கள். சாதாரணக் குடியிருப்புப் பகுதி அது. ஜன்னல்களைப் படமெடுத்துக்கொண்டு சுற்றினால் யாருக்கும் பிடிக்காது. செருப்புக் கடை வரும் மார்த்திரி சதுக்கமும் கியாயா தெருவும் தாராளமாகச் சுற்றக்கூடியவை. ஒரே நகரத்துக்குள் இருந்த வர்க்க தூரமும் அங்கேதான் உறைக்கும்.

11. மோந்தல்பானோ சீரியல் பார்த்து சிசிலி போறோம். புத்தகத்துல இருக்கிற ஊர் எது?

இங்கேதான் பலர் தங்கும் விடுதியைத் தப்பான மூலையில் போட்டுவிடுகிறார்கள். மோந்தல்பானோவைப் படைத்த காமில்லேரியின் துப்பறியும் நாவல்களில் வரும் விகாத்தா அவர் பிறந்த போர்த்தோ எம்பெதோக்லே, அக்ரிஜெந்தோ பக்கம். தொலைக்காட்சித் தொடர் எடுக்கப்பட்டதோ ரகூசா மாகாணத்தில்: கடற்கரை வீடு புந்தா செக்காவில், காவல் நிலையம் ஷிக்லியில். இரண்டுக்கும் நடுவே காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். சீரியல் முக்கியமென்றால் ரகூசாவில் தங்குங்கள். புத்தகமும் கிரேக்கக் கோயில்களும் முக்கியமென்றால் அக்ரிஜெந்தோ. முதல் நாவல் 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' (1994), அங்கிருந்து வரிசையாகப் போகலாம்.

வந்த பின் லாம்பெதூசாவின் 'தி லெப்பர்ட்'. ஆசிரியர் 1957-இல் இறந்தார். அவர் உயிரோடிருந்தபோது பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய நாவல் 1958-இல் வெளியானது. இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டியின் படை 1860-இல் சிசிலியில் இறங்கும்போது ஒரு பிரபுக் குடும்பத்தில் என்ன நடக்கிறது என்பது கதை. மாஃபியா பற்றிக் கேட்பவர்களுக்கு ஷாஷாவின் 'தி டே ஆஃப் தி அவுல்' (1961). மெலிந்த நூல், ஒரே இரவில் முடியும்.

12. நாவல்ல வர்ற வீடு, தோட்டமெல்லாம் தேடிப் போனா கிடைக்குமா?

சிலது கிடைக்கும், சிலது கிடையவே கிடையாது. ஃபெர்ராராவில் ஏர்கொலே தெஸ்தே நெடுந்தெருவில் நடந்துகொண்டே ஃபின்சி-கொந்தினி தோட்டத்தைத் தேடுகிறவர்கள் உண்டு. பஸ்ஸானி 1962 நாவலில் கற்பனையாக வைத்த தோட்டம் அது. அதே ஊரின் யூதக் கல்லறைத் தோட்டம் உண்மை. பஸ்ஸானியே அங்கேதான் இருக்கிறார்.

'க்ரைஸ்ட் ஸ்டாப்டு அட் எபோலி' படித்துவிட்டு எபோலியில் இறங்காதீர்கள். நாகரிகம் எபோலியோடு நின்றுவிட்டது, தங்களிடம் வரவில்லை என்று மக்கள் சொல்வதுதான் தலைப்பு. லெவி 1935-36-இல் தண்டனையாக அனுப்பப்பட்டு இருந்த ஊர் பசிலிகாட்டாவில் உள்ள அலியானோ. நூலில் கலியானோ என்று மாற்றியிருக்கிறார். அவர் கல்லறையும் அங்கேதான். மட்டேராவின் குகை வீடுகளில் ஆடுமாடுகளோடு குடும்பங்கள் வாழ்ந்ததை அவர் சகோதரி விவரிக்கும் சில பக்கங்கள் அதில் உண்டு. 1952 சட்டத்தால் மக்கள் காலி செய்யப்பட்ட அதே குகைகளில் இன்று விடுதிகள். அறைக்குப் பணம் கட்டும் முன் அந்தப் பக்கங்களைப் படித்திருப்பது நல்லது.

13. தமிழ்ல ஏதாவது இருக்கா? இல்ல தமிழ்த் தொடர்பாவது?

இருக்கிறது. சார்டீனியாவின் நோபல் எழுத்தாளர் கிராசியா தெலெத்தாவின் நாவலை 'அன்னை' என்ற பெயரில் தி. ஜானகிராமன் மொழிபெயர்த்திருக்கிறார். கிராமத்துப் பாதிரியாரும் அவருடைய தாயும். ஒழுக்கத்துக்கும் ஆசைக்கும் இடையே ஓர் இழுபறி. தி.ஜா. ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார் என்று அவர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால்வினோவும் தமிழில் வந்திருக்கிறார். இவை அவ்வப்போது அச்சில் இல்லாமல் போகும். நூலகத்தில் முதலில் கேளுங்கள்.

தேம்பாவணி, சதுரகராதி, பரமார்த்த குரு கதை தந்த வீரமாமுனிவர் 1680-இல் பிறந்த ஊர் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே, கார்தா ஏரிக்குத் தெற்கே. வெரோனா, கார்தா திட்டமிருந்தால் அரை நாள் ஒதுக்கலாம். முன்னால் தேம்பாவணியின் 3,615 பாடலையும் படிக்கச் சொல்லவில்லை. நாட்டுப் படலம் போதும். யூதேயாவை வர்ணிக்க எப்படித் தமிழ்க் காவிய மரபைக் கையிலெடுக்கிறார் என்று தெரியும்.

ரோமுக்கு அகநானூறு 149: யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புவதைச் சொல்லும் பாட்டு. மிளகு போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று ஃபோரத்தில் இருக்கிறது: பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள், பிற்பாடு மாக்சென்டியஸ் பசிலிக்கா அதன்மேல் எழுந்தது. வெனிஸுக்கு மார்க்கோ போலோ. பயணநூலின் தென்னிந்தியப் பகுதியில் முத்துக்குளிப்பும் காயல் துறைமுகமும் வருகின்றன. அவர் குடும்பம் வாழ்ந்த இடம் ரியால்தோ அருகே கோர்தே தெல் மிலியோன்.

14. ஒரே புத்தகத்தை ரெண்டு தடவை வாங்கிட்டேன்! பேர் வேற வேறயா இருந்துச்சு.

பிரிட்டிஷ், அமெரிக்கப் பதிப்புகளின் வேலை. மேரி பியர்டின் 'பாம்பெய்' அமெரிக்காவில் 'தி ஃபயர்ஸ் ஆஃப் வெசுவியஸ்'. ஹாரிஸின் 'லஸ்ட்ரம்' அங்கே 'கான்ஸ்பிரட்டா'. ப்ரீமோ லெவியின் 'இஃப் திஸ் இஸ் எ மேன்' அங்கே 'சர்வைவல் இன் ஆஷ்விட்ஸ்'.

எதிர்ப்பக்கமும் உண்டு: 'தி இட்டாலியன்ஸ்' என்ற பெயரில் லூயிஜி பர்சீனி (1964) ஒன்று, ஜான் ஹூப்பர் (2015) ஒன்று. இன்றைய நாட்டைப் புரிந்துகொள்ள ஹூப்பர்.

15. சமையல் புத்தகம் ஒண்ணு சொல்லுங்க. நாங்க சைவம்.

மார்செல்லா ஹசானின் 'எசென்ஷியல்ஸ் ஆஃப் கிளாசிக் இட்டாலியன் குக்கிங்' (1992). சைவர்களுக்கும் நிறைய இருக்கிறது. முதலில் அந்தப் பிரபலமான தக்காளி சாஸ்: சாற்றோடு இரண்டு கப் தக்காளி, ஐந்து மேசைக்கரண்டி வெண்ணெய், பாதியாக வெட்டிய ஒரு வெங்காயம், உப்பு, மெல்லிய தீயில் 45 நிமிடம், பிறகு வெங்காயத்தை எடுத்துவிட வேண்டும். பூண்டு, மிளகாய், மசாலா எதுவும் இல்லை. நம் நாட்டுத் தக்காளியில் செய்தால் புளிப்பும் தண்ணீரும் தூக்கலாக இருக்கும். டப்பாவில் வரும் தோலுரித்த நீளத் தக்காளிதான் சரிவரும். வெண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால் சாஸ் தயார்.

புத்தகம் சொல்லும் பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் உண்டு. கண்டிப்பான சைவர்கள் அங்கே உணவகத்திலும் இதைக் கவனிக்க வேண்டும்.

16. 'ஈட் ப்ரே லவ்', 'அண்டர் தி டஸ்கன் சன்' எல்லாம்?

முதலாவதில் 108 கதைகளில் 36 மட்டுமே இத்தாலி. இரண்டாவது கோர்தோனாவில் பழைய வீட்டைச் செப்பனிட்ட கதை, விடுமுறை மனநிலைக்குச் சரி. மாற்றாக ஜும்பா லாஹிரி. ரோமில் குடியேறி இத்தாலியனிலேயே எழுதத் தொடங்கிய அவருடைய 'ரோமன் ஸ்டோரீஸ்' வெளியிலிருந்து வந்தவர்களின் ரோமைக் காட்டும்.

17. பெட்டியில எடைப் பிரச்சினை. பயணத்துல கையில எதை வச்சுக்கலாம்?

நாவல் வேண்டாம், பக்கம் நகராது. ஜும்பா லாஹிரி தொகுத்த 'பெங்குவின் புக் ஆஃப் இட்டாலியன் ஷார்ட் ஸ்டோரீஸ்' (2019) மின்னூலாக: 40 எழுத்தாளர்கள். ரயிலில் ஒரு கதை. ரோம் இடிபாடுகளுக்கு அமாண்டா கிளாரிட்ஜின் ஆக்ஸ்ஃபோர்டு தொல்லியல் கையேடு. இரண்டாம் பதிப்பாகப் (2010) பார்த்து வாங்குங்கள். கட்டட வரைபடங்கள் கைபேசித் திரையில் தெரியாது, இது ஒன்றை மட்டும் தாளில்.

18. பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போறோம்?

கரோலின் லாரன்ஸின் 'தி தீவ்ஸ் ஆஃப் ஒஸ்தியா' (2001), 9 வயதுக்கு மேல். கதை கி.பி. 79-இல் ரோமின் துறைமுகமான ஒஸ்தியாவில் நடக்கிறது; ரோமிலிருந்து ரயிலில் எளிதாகப் போய்ப் பார்க்கலாம், பாம்பெய் கூட்டமும் இல்லை. சின்னவர்களுக்குப் பினோக்கியோ, ஆனால் மூலம் திரைப்படம் போல் இனிப்பாக இருக்காது. தொடர்கதையாக வந்தபோது 15-ஆம் அத்தியாயத்தில் பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டே நிறுத்தியிருந்தார் கொல்லோதி. நீங்கள் ஒருமுறை படித்துவிட்டுக் கொடுங்கள்.

19. வந்து ஆறு மாசம் ஆச்சு, இன்னும் இத்தாலி மண்டைய விட்டுப் போகல. பெருசா ஒண்ணு?

மன்சோனியின் 'தி பெட்ரோத்து'. 1827-இல் வந்து, 1840-42-இல் ஆசிரியரே மொழியைத் திருத்தி மீண்டும் வெளியிட்டது. அங்கே பள்ளியில் எல்லோரும் படித்தாக வேண்டிய நாவல். அதனாலேயே பலருக்கு அதன் பெயரைக் கேட்டாலே கொட்டாவி வரும். 1628-இல் கோமோ ஏரிக்கரையில் ஒரு காதல் ஜோடியின் கல்யாணத்தை உள்ளூர் அடாவடிக்காரன் தடுக்கிறான். அங்கிருந்து மிலான் ரொட்டிக் கலவரம், பஞ்சம், 1630 கொள்ளைநோய் வரை விரிகிறது. மைக்கேல் மூரின் மொழிபெயர்ப்பு (2022) சரளமானது. பழைய பெங்குவின், புரூஸ் பென்மன் செய்ததும் மோசமில்லை.

38 அத்தியாயம். 22-ஆவதில் கர்தினால் வரலாறு நீளும்போது தயங்காமல் தாண்டலாம். கொள்ளைநோயின் வரலாறான 31, 32-ஐத் தாண்ட வேண்டாம். நோயே இல்லை என்று அதிகாரிகள் சாதிப்பதும், சுவரில் யாரோ விஷம் பூசுகிறார்கள் என்ற புரளியும் கொரோனா காலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கமில்லாமலே புரியும். நோயாளிகளை அடைத்துவைத்த லாசரெத்தோ பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டது. அதன் நடுவில் இருந்த எண்கோண ஆலயம் மட்டும் மிலானில் போர்த்தா வெனேசியா அருகே இன்னும் நிற்கிறது. அடுத்த முறை மிலான் வழியாகத் திரும்பினால் விமானத்துக்கு முன் ஒரு மணி நேரம் போதும்.